போர்னியோவுக்குக் கிளம்புகிறீர்களா? ஒரே ஓர் ஆற்றைப் பிடியுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் நாலு பேர் உட்கார்ந்து "இந்த வருஷம் போர்னியோ" என்று பேச்சை ஆரம்பித்தால், தே தாரேக் ஆறுவதற்குள் பட்டியல் தயாராகிவிடும். கினபாலு மலை, செபிலோக்கில் ஓராங்குட்டான், கினபாத்தாங்கான் ஆற்றில் படகு, அப்படியே சரவாக் பக்கம் திரும்பி முலு குகை, கடைசியாகப் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் ஒரு நீண்ட வீட்டில் ஒரு ராத்திரி. மொத்தம் ஆறு நாள். உள்நாட்டுப் பயணம்தானே, கடப்பிதழ்கூட வேண்டாமே என்ற தைரியம்.

கோளாறு அந்தத் தைரியத்தில்தான். போர்னியோத் தீவின் பரப்பு ஏறக்குறைய 7,43,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியாவைப் போல் ஐந்தரை மடங்கு. சபாவும் சரவாக்கும் புருணையும் அதன் வடக்கு ஓரம். மீதியெல்லாம் இந்தோனேசியாவின் காலிமந்தான். முலுவிலிருந்து கினபாத்தாங்கானுக்குப் போவது ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போவது போல் அல்ல. இரண்டு விமானம், ஒரு வேன், ஒரு படகு. இதில் எது பிந்தினாலும் அடுத்தது கைநழுவும். முலுவில் மேகம் இறங்கினால் சின்ன விமானம் இறங்காது. மேலே மழை கொட்டினால் ஆறு பெருகிப் படகு போகாது. மூன்று வாரம் மழையே இல்லையென்றால் தண்ணீர் வற்றிப் படகை நாமே இறங்கித் தள்ள வேண்டும். நாட்காட்டியை ஆற்றிடம் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போக முடியும்.

ஆகவே ஏழு நாளுக்கு ஒரே ஓர் ஆறு. விலங்குகள் வேண்டுமென்றால் சபாவின் கினபாத்தாங்கான். குகையும் கடினமான ஏற்றமும் வேண்டுமென்றால் முலுவின் மெலினாவ். மனிதர்கள் வேண்டுமென்றால் சரவாக்கின் பாத்தாங் ஆய். மூன்றையும் ஒரே பையில் அள்ளப் பார்த்தால் மிஞ்சுவது விமான நிலைய இருக்கைகள் மட்டுமே.

முதலில் தாள் வேலை. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோதே குடிநுழைவுக் கட்டுப்பாட்டைச் சபாவும் சரவாக்கும் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. தீபகற்பக்காரர் மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டி இறங்கலாம். முகப்பில் ஒரு சிறு அச்சுத்தாள் கொடுப்பார்கள், 90 நாள் வரை இருக்கலாம். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். கோத்தா கினபாலுவிலிருந்து மீரிக்குப் போனால் மறுபடி ஒரு சோதனை உண்டு. மீரியிலிருந்து லிம்பாங்குக்குத் தரைவழி போகிறவர்கள் புருணைக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அதற்கு மைகார்ட் செல்லாது. ஆகவே உள்நாடு என்றாலும் கடப்பிதழைப் பையில் போட்டுக்கொள்வதே புத்தி.

விடுமுறையையும் ஒருமுறை பாருங்கள். தீபாவளிக்கு நாடு முழுக்க விடுமுறை, சரவாக்கைத் தவிர. அந்த வாரத்தில் அங்கே போனால் எல்லாம் வழக்கம்போல் திறந்திருக்கும். நமக்கு ஒருவகையில் வசதிதான். மாறாக மே 30, 31 சபாவில் காஆமாத்தான் அறுவடைத் திருநாள், ஜூன் 1, 2 சரவாக்கில் கவாய் அறுவடைத் திருநாள். 1965-இலிருந்து ஜூன் முதல் தேதியில் கொண்டாடப்படும் கவாய், நமக்குத் தீபாவளி எப்படியோ அப்படி: ஊரே வீடு திரும்பும், விமானச் சீட்டு எகிறும், வழிகாட்டிகளும் தங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அழைத்தவர் இருந்தால் அந்நாளைவிட நல்ல நாள் இல்லை. அழைப்பு இல்லாமல் போனால் அலைச்சல்தான்.

கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. கோலாலம்பூரில் ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும் என்ற பழக்கத்தில் காட்டுப்பாதையில் இறங்கிவிடுவார்கள். சபாவில் ஆறு மணி வாக்கில் பொழுது சாயும், ஆறரைக்குக் கும்மிருட்டு. விடியலும் அதற்கேற்ப ஆறு மணிக்கே. காட்டுக்குள் மரக்கூரைக்கு அடியில் இன்னும் அரை மணி முன்னாலேயே பாதை மங்கிவிடும். எல்லாத் திட்டத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். பகல் நடைக்கும் தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, அதில் டிசம்பரும் ஜனவரியும் கடுமை. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், ஆனால் சில வருடங்களில் ஆகஸ்டுக்குப் பிறகு புகைமூட்டம் வரும். காடு என்றால் எந்த மாதமும் மாலையில் மழைதான்.

இனி முலு. சரவாக்கின் குனோங் முலு தேசியப் பூங்கா 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே போக நம்பத்தக்க பேருந்துச் சாலை எதுவும் இல்லை. மீரியிலிருந்து உந்துவிசிறி விமானம், அரை மணி நேரம். பணம் எடுக்கும் இயந்திரத்தை அங்கே தேடாதீர்கள், ரொக்கமாகக் கொண்டுபோங்கள். திரும்பும் விமானத்தையும் மீரியிலிருந்து கோலாலம்பூர் விமானத்தையும் ஒரே நாளில் கோக்காதீர்கள். இடையில் ஒரு ராத்திரி மீரியில் படுப்பது வீண் செலவாகத் தோன்றும். முலு விமானம் ஒருமுறை ரத்தானால் அந்தச் செலவு எவ்வளவு மலிவு என்று தெரியும்.

முலுவில் எல்லோரும் பார்க்கும் காட்சி மான் குகை வௌவால்கள். இருபது, முப்பது லட்சம் வௌவால்கள் மாலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் குகை வாயிலிலிருந்து கயிறு கயிறாகச் சுருண்டு வெளியேறும். பூச்சி தின்னப் போகின்றன. மழை பெய்தால் வராது. சிலநாள் மழை இல்லாமலும் வராது, காரணம் கேட்டால் வழிகாட்டி சிரிப்பார். ஒரே ஒரு மாலையை மட்டும் ஒதுக்கி வருகிறவர்களில் பலர் வெறும் குகை வாயைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு மாலைகளாவது வையுங்கள். பூங்கா அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் பலகைப் பாதை, திரும்பும்போது இருட்டு. கைப்பிடிக் கட்டையைப் பிடிக்குமுன் விளக்கடித்துப் பாருங்கள், பச்சைக் குழிவிரியன் அந்தக் கட்டையில்தான் சுருண்டிருக்கும்.

உடம்பைச் சோதிக்க நினைப்பவர்கள் போவது பினாக்கல்ஸ். ஆப்பி மலையின் சரிவில் காட்டு மரங்களுக்கு மேல் 45 மீட்டர் வரை கத்தி நட்டதுபோல் நிற்கும் சுண்ணாம்புக் கூர்ங்கற்கள். பத்துமலையும் சுண்ணாம்புதான், ஆனால் அங்கே நமக்குப் படி கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே கணக்கு இப்படி: படகில் மெலினாவ் ஆற்றில் மேலேறி கோலா லித்துட்டில் இறங்கி, 8.8 கிலோமீட்டர் சமதளக் காட்டில் நடந்தால் ஐந்தாம் முகாம். மறுநாள் விடியுமுன் ஏற்றம். தூரம் 2.4 கிலோமீட்டர் மட்டுமே, உயரம் 1,200 மீட்டர். பத்துமலையின் 272 படிகளில் ஒரு படியை 17, 18 செண்டிமீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய இருபத்தைந்து முறை ஏறியதற்குச் சமம். அதுவும் வேரும் கல்லுமாக, படியே இல்லாமல். கடைசி 400 மீட்டர் கயிறும் அலுமினிய ஏணிகளும்.

பாதியில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய. வழிகாட்டி கொடுமைக்காரர் என்பதல்ல காரணம். ஏற நாலு மணி நேரம் எடுத்தவருக்கு இறங்க ஐந்து ஆகும். ஈரச் சுண்ணாம்பில் முழங்கால் நடுங்க ஆரம்பித்த ஆளை இருட்டில் கீழே கொண்டுவர வழியே கிடையாது. அதனால் குறித்த நேரத்துக்குள் ஏணி தொடங்கும் இடத்தை எட்டாதவர்களும், மழை வந்தால் எல்லோரும், திரும்பத்தான் வேண்டும். வாக்குவாதம் செய்யாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டரை ஏறும்போதே பாதி வழியில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுப் போங்கள், இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். சுமையும் குறையும், இறக்கத்தில் நாக்கு வறண்டு தவிப்பதும் இருக்காது. ஒரு லிட்டரில் உப்புச் சர்க்கரைப் பொடி கலந்து வையுங்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே வேர்த்தால் தொடையில் சதை பிடிக்கும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் ரப்பர் பூசிய துணிக் கையுறை போதும், அதில்லாமல் ஏறினால் உள்ளங்கை கிழியும். ஐந்தாம் முகாமில் அடுப்பு உண்டு, உணவு நம்முடையது. மெகி, டின் சார்டின், அவல் எல்லாம் மீரியிலேயே வாங்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு வாரம் ஒருமுறை புக்கிட் காசிங் குன்றில் நடந்தேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போதாது. உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயர நுவாங் மலையை ஒரே நாளில் ஏறி இறங்கி, மறுநாள் மாடிப்படி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பினாக்கல்ஸ் முடியும்.

கினபாலு மலை தனிக் கதை. 4,095 மீட்டர். திம்போஹோன் வாசலில் 1,866 மீட்டரில் தொடங்கி, பனாலாபானில் ஒரு ராத்திரி தங்கி, விடியுமுன் உச்சி. படுக்கைகளுக்கு எண்ணிக்கை உண்டு, மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும், வழிகாட்டி கட்டாயம். உயரத்தால் வரும் தலைவலிக்கும் உங்கள் உடற்பயிற்சிக்கும் சம்பந்தமில்லை. நன்றாக ஓடுகிறவரும் வாந்தி எடுப்பார். கடசான்டூசுன் மக்களுக்கு அது இறந்தவர்கள் போய்ச் சேரும் மலை. 2015 மே 30-இல் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்தார்கள். ஜூன் 5-இல் 6.0 அளவு நிலநடுக்கம், மலையில் 18 பேர் பலி, அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. பூமி நடுங்கியதற்கு நிலவியல் காரணம் இருக்கிறது. ஆனால் பழநி மலை உச்சியில் யாராவது அப்படிச் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் யோசிக்கலாம். நால்வருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள்.

கினபாத்தாங்கானுக்கு வருவோம். 560 கிலோமீட்டர் நீளம், சபாவின் மிகப் பெரிய ஆறு. சண்டாக்கானில் இறங்கி, செபிலோக் காப்பகத்தைப் பார்த்துவிட்டு (1964-இல் தொடங்கியது, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் உணவூட்டு), இரண்டு இரண்டரை மணி நேரச் சாலைப் பயணத்தில் சுக்காவ் அல்லது பிலிட் கிராமம். வழி நெடுக செம்பனை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசைகளும் மட்டை வாசனையும் பழகியவை. ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் அவற்றின் மறுபக்கம் தெரியும். இங்கே இத்தனை விலங்குகளை இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடிவதற்கு ஒரு காரணம் இரு கரையிலும் காடு மெல்லிய நாடாவாகக் குறுகிவிட்டதுதான். யானையும் ஓராங்குட்டானும் குரங்கும் அந்த நாடாவுக்குள் ஒதுங்கியிருக்கின்றன. விளம்பரப் படங்கள் இதைச் சொல்வதில்லை.

குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். படகு காலை ஆறுக்கும் மாலை நாலுக்கும் கிளம்பும். மாலையில்தான் நீளமூக்குக் குரங்குகள் ஆற்றோர மரங்களுக்கு வந்து சேரும்; ராத்திரி படைச்சிறுத்தை வந்தால் ஒரு பக்கம் தண்ணீர் காவல். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மோன்யெட் பெலாண்டா, டச்சுக்காரக் குரங்கு. பெரிய மூக்கும் தொந்தியும் சிவந்த மேனியும் பார்த்து வைத்த பெயர், வெள்ளைக்காரனுக்குக் கோபம் வந்திருக்காது என்று நம்புவோம். போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிப் பறவைகளும் இந்த ஆற்றோரத்தில் உண்டு. 8×42 தொலைநோக்கி ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்துப்போங்கள்; ஒன்றை நாலு பேர் கைமாற்றினால் மூன்றாவது ஆள் பார்க்கும்போது கிளை காலி.

யானைக் கூட்டம் தென்பட்டால் படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், கால் மணியில் பத்துப் படகு கூடும். இன்னும் கிட்டே போ என்று தூண்டுவது வாடிக்கையாளர்தான். இன்ஜினை அணைத்து மிதக்கச் சொல்லுங்கள். கரைக்கும் யானைக்கும் நடுவில் படகை நுழைக்கச் சொல்லாதீர்கள். கேமராவைக் குளிரூட்டிய அறையிலிருந்து நேரே ஆற்றுக்கு எடுத்து வந்தால் லென்சில் ஆவி படிந்து முதல் அரை மணி நேரம் பாழ். அரை மணி முன்னாலேயே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். விடுதிதான் வேண்டும் என்றில்லாதவர்கள் பத்து பூத்தே கிராமத்தில் ஓராங் சுங்கை மக்களின் கூட்டுறவு நடத்தும் வீட்டுத்தங்கலைப் பார்க்கலாம். பணமும் அங்கேயே தங்கும், சாப்பாடும் ருசி.

அட்டையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இரண்டு வகை. பழுப்பு அட்டை தரையிலிருந்து காலில் ஏறும், கடித்தது தெரியாது. புலி அட்டை மஞ்சள் கோடு போட்டது, இலை நுனியில் இடுப்பு உயரத்தில் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று தெரியும். முட்டி வரை வரும் நெருக்கமான அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்துக் கட்டினால் பழுப்பு அட்டை தொல்லை தீர்ந்தது. புலி அட்டைக்குச் சட்டையைக் காற்சட்டைக்குள் செருகுவதே வழி. தோட்டத்துப் பெரியவர்கள் புகையிலை ஊறிய தண்ணீரில் காலுறையை நனைத்துப் போனார்கள், அது வேலை செய்யும், ஆற்றைத் தாண்டும் வரை. ஒட்டிய அட்டையைப் பிய்க்காதீர்கள். உப்பு போடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிட்டு விழும், புண் சீழ் பிடிக்கும். மெல்லிய முனை எதுவோ அதுதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி அந்த முனையை முதலில் விடுவித்து, பிறகு தடித்த முனையைத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவிப் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

காலணியில் ஒரு வேடிக்கை. எண்ணூறு வெள்ளிக்கு வெளிநாட்டுப் பூட்ஸ் போட்டவர் சேற்றில் வழுக்கிக்கொண்டிருக்க, வழிகாட்டி இருபது வெள்ளிக்குள் வாங்கிய கறுப்பு ரப்பர் காலணியில் ஆடு போல் ஏறுவார். அடிடாஸ் கம்போங் என்று எல்லோரும் கிண்டலாகச் சொல்லும் அதே காலணிதான். பால்மரத் தோட்டத்தில் நம் தாத்தாக்கள் போட்டு நடந்தது. அடியில் குமிழ் குமிழாக ரப்பர், களிமண்ணைப் பிடிக்கும், தண்ணீர் குடிக்காது, ஒரே ராத்திரியில் காயும். குறையும் உண்டு: கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை, பினாக்கல்ஸ் கூர்கல்லில் அடிப்பாதம் வலிக்கும். ஓர் அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையும் உள்ளே ஒரு மெத்தைத் தாளும் போடுங்கள். கோலாலம்பூரிலேயே வாங்கி இரண்டு வாரம் பழக்குங்கள்; புதுக் காலணியில் காட்டுக்குள் இறங்கினால் குதிகால் கொப்புளம் நிச்சயம்.

உடையில் ஒரே விதி: ஒரு ஈரச் சோடி, ஒரு உலர்ந்த சோடி. உலர்ந்தது தூங்க மட்டும். காலையில் எத்தனை அருவருப்பாக இருந்தாலும் நேற்றைய ஈரத்தையே மாட்டுங்கள். இரக்கப்பட்டு உலர்ந்ததைப் போட்டு நடந்தால் அன்று ராத்திரி இரண்டும் ஈரம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் தொடை உரசிப் புண்ணாகும். ஒரு கைலி மட்டும் மறக்காதீர்கள்: குளிக்க, உடை மாற்ற, போர்த்த, நீண்ட வீட்டுக் கரையில் மரியாதையாக நிற்க.

நீண்ட வீடு என்றதும் இறகுத் தொப்பியும் மண்டையோடும் எதிர்பார்க்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் பெயர். தீபகற்பத்துப் பூர்வகுடிகளுக்கு மட்டுமே ஓராங் அஸ்லி என்று பெயர். இபான்காரரிடம் போய் "நீங்கள் ஓராங் அஸ்லியா" என்று கேட்காதீர்கள். இபான், பிடாயூ, கென்யா, காயான், கெலாபிட், பெனான் என்று ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனி வழக்கம். பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். வைஃபை, தொலைக்காட்சி, கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளை எல்லாம் உண்டு.

இபான் நீண்ட வீட்டின் அமைப்பு தெரிந்தால் எங்கே உட்காரலாம் என்பது விளங்கும். வீட்டு நீளம் முழுக்க ஓடும் பொதுத் திண்ணை ரூவாய். விருந்தினர் இடம் அதுதான். அதன் ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் பிலேக். வெளியே நெல் காய வைக்கும் திறந்த தளம் தாஞ்சு. வீட்டின் அளவை மீட்டரில் கேட்கமாட்டார்கள், எத்தனை கதவு என்பார்கள். உங்கள் அன்பளிப்புக்கும் அதுதான் அளவு. இருபத்து மூன்று கதவு என்றால் இருபத்து மூன்று பொட்டலம், ஒரே மாதிரி, கூட இரண்டு. மிட்டாயை வாரி இறைக்காதீர்கள். உப்பு, எண்ணெய், பால் மாவு, பள்ளி நோட்டு நல்லது. எல்லாவற்றையும் வீட்டுத் தலைவர் துவாய் ரூமாவின் முன் வைத்துவிட்டால் பகிர்வதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போகுமுன் படகுக்காரர் மூலமாகக் கேட்க வேண்டியது ஒன்றே: வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா? துக்கக் காலத்தில் வெளியாருக்கு வாசல் இல்லை, முன்பணம் கட்டியிருந்தாலும் சரி. தீட்டுக் காக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நுழைந்ததும் செருப்பைக் கழற்றுங்கள், பாயில் உட்காருங்கள், அழைக்காமல் பிலேக்குக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். தூணில் தொங்கும் பழைய மண்டையோடுகளுக்கு இன்றும் மரியாதை உண்டு. தொடக் கூடாது, படம் எடுக்கக் கேட்க வேண்டும்.

துவாக் வரும். அரிசிக் கள், இனிப்பாக இருக்கும், ஏமாற்றும். குடிக்காதவர்கள் கையை வேகமாக ஆட்டி மறுப்பது மரியாதைக் குறைவு. அதற்கு அவர்களிடமே ஒரு வழி இருக்கிறது: விரல் நுனியால் கோப்பையைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த உணவைத் தொடாமல் போனால் வழியில் பாம்போ முதலையோ காத்திருக்கும் என்பது இபான்களின் நம்பிக்கை, பூனி என்பார்கள். தொட்டுவிட்டால் தோஷம் இல்லை. யார் மனமும் புண்படாது, உங்கள் விரதமும் கெடாது.

விரதம் என்றதும் சாப்பாடு. காட்டுப் பன்றி விருந்தின் தலை. மூங்கிலில் வேகவைத்த கோழி பான்சோ, சுருள் நுனிப் பெரணி மிடின் கீரை, எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன் ஊமாய், எல்லாம் அருமை. புரட்டாசியில் போகும் சைவர்களுக்குத்தான் சோதனை. "தாக் மாக்கான் டாகிங்", இறைச்சி சாப்பிடமாட்டேன், என்று சொன்னால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து நெத்திலி போட்டுத் தருவார்கள். இக்கான் பிலிஸ் (நெத்திலி), பெலாச்சான் (இறால் விழுது), கோழித்தூள், மூன்றையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். ஊறுகாய் ஒரு புட்டி, பருப்புப்பொடி ஒரு பொட்டலம் கையில் இருந்தால் சோறு எங்கும் கிடைக்கும்.

ஊர் சுற்றுவதற்கு இபான்களிடம் ஒரு சொல் இருக்கிறது: பெஜலாய். இளவட்டம் வீட்டைவிட்டுக் கிளம்பி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அலைந்து, பெரிய சாடிகளும் வெண்கலச் சேகண்டியும் பெயரும் சம்பாதித்துத் திரும்பும் வழக்கம். தோளில் குத்திக்கொள்ளும் கத்தரிப்பூ வடிவப் பச்சை, பூங்காய் தெரோங், அப்படிக் கிளம்பும் வயதின் அடையாளம். இன்று கூச்சிங்கில் இரண்டு மணி நேரத்தில் அதைக் குத்திக்கொண்டு வந்துவிடலாம். குத்திக்கொள்வது உங்கள் இஷ்டம். நீண்ட வீட்டுத் தாத்தா அதைப் பார்த்து எங்கே போய் வந்தாய் என்று கேட்டால் சொல்லப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்தாங் ஆய் போக, கூச்சிங்கிலிருந்து நாலைந்து மணி நேரச் சாலை, பிறகு 1985-இல் கட்டி முடித்த நீர்மின் அணையின் ஏரி, அதைத் தாண்டி நீளப் படகு. அந்த ஏரிக்கடியில் பல நீண்ட வீடுகள் இருந்த இடங்கள் மூழ்கிக் கிடக்கின்றன. மேலாற்று இபான்களில் பலர் ஓராங்குட்டானை, அவர்கள் மொழியில் மாயாஸ், மூதாதையாகக் கருதி வேட்டையாடுவதில்லை. அந்தக் காட்டில் இன்றும் அது மிஞ்சியிருக்க இதுவும் ஒரு காரணம்.

முலு பக்கம் பத்து பூங்கானில் பெனான் மக்களின் குடியிருப்பு. தலைமுறைகளாகக் காட்டில் இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள், 1987-இல் வெட்டுமரச் சாலைகளை மறித்து நின்றவர்கள். ஒரு சவ்வரிசிப் பனையையோ மரத்தையோ பின்னால் வருகிறவர்களுக்காகக் குறியிட்டு விட்டுவைக்கும் முறைக்கு அவர்கள் சொல் மொலோங். அங்கே கூடை வாங்குவதென்றால் பேரம் பேசாதீர்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பழக்கத்தில் பாதி விலை கேட்பதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு பிரம்புக் கூடைக்குப் பின்னால் காட்டில் பிரம்பு தேடிய நாளும் இருக்கிறது.

கடைசியாக உடம்பு. ஆற்றுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். 2000-இல் சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு இந்த நோய் கூட்டமாக வந்தது. பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அறிகுறி. காலில் சிராய்ப்பு இருந்தால் ஒட்டி மூடுங்கள், ஆற்றுநீரை விழுங்காதீர்கள், நீண்ட நாள் நீர்ப்பயணம் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள். சரவாக்கின் கீழாறுகளில் உப்புநீர் முதலை உண்டு, உள்ளூர்க்காரர் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள். 2017 ஜூலையிலிருந்து சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாய்க்குட்டியைக் கொஞ்ச வேண்டாம், கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை.

மலேரியா ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகைதான் இங்கே அடங்கியது. கெரா, பெரோக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை சபா, சரவாக் காட்டோரங்களில் இருக்கிறது. அதன் சுழற்சி 24 மணி நேரம், ஆகவே சட்டென்று முற்றும். அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டிங்கி என்று நீங்களே முடிவு கட்டிப் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே "போர்னியோ காட்டில் இருந்தேன், ஆற்றில் இறங்கினேன், குரங்குகள் இருந்த இடம்" என்று இருக்கட்டும், தேதியோடு. இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.